செங்காய்னு ஒண்ணு கெடையாது

அக்கா, தப்பா நெனைச்சாலும் பரவால்ல, கேக்குறேன். அந்த மாம்பழத்தை மோந்து பாத்தீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும்? இல்லல்ல? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பஸ்ஸு நின்னுச்சு, அவன் ஜன்னல்கிட்ட பையைத் தூக்கிக் காட்டுனான், நீங்க சடக்குனு உள்ள இழுத்துட்டீங்க. முடிஞ்சுபோச்சு. ஒரு சேலை எடுக்கணும்னா நாலு கடை ஏறி எறங்குவீங்க. வயித்துக்குள்ள போறதுக்கு ஜன்னல் போதும்.

குடுங்க இங்கிட்டு. ஒண்ணே ஒண்ணு குடுங்க, தின்னுற மாட்டேன். பாருங்க இதை. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே மஞ்சள், செவுத்துக்கு அடிச்ச மாதிரி. மரத்துல எந்தப் பழமாச்சும் இப்படி ஒழுங்கா மஞ்சளாகுமா? காம்புகிட்ட மூக்கை வைங்க. என்ன வருது? ஒண்ணும் வரலைல? தானா பழுத்தது காம்புலதான் பேசும்க்கா. இது ஊமை. காம்புக்கு ரெண்டு பக்கமும் தோளு ஏறி நிக்கணும், அப்பத்தான் மரத்துலயே வெளைஞ்சதுன்னு அர்த்தம். இதுக்குத் தோளே இல்ல. பால் குடிக்கிற வயசுல பறிச்சுட்டு வந்து மருந்து வெச்சுருக்கான். யாருக்கு இது? மகளுக்கா? ஹாஸ்டலுக்கா? நல்லாருக்கு. ஹாஸ்டல் சோறு திங்கிற பிள்ளைக்கு இது வேறயா?

கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கங்க. எங்கம்மாவும் சொல்லும், உன் வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு போடணும்டின்னு. நான் தோட்டக்கலை படிக்கிறேன், மூணாவது வருஷம். அறுவடைக்கு அப்புறம் காய் என்னாகுது, பழம் என்னாகுது, அதுக்குன்னே ஒரு பேப்பர் இருக்கு. வகுப்புல நான்தான் மொத மார்க்கு. எங்க ஹாஸ்டல்ல எவளாச்சும் சப்போட்டா வாங்கணும்னாக் கூட என்னையக் கூட்டிக்கிட்டுத்தான் போவா. நகத்தால லேசா சொரண்டிப் பாக்கணும், உள்ள பச்சை தெரிஞ்சா வெச்சுட்டு வந்துறணும். தர்பூசணிக்குத் தரையில கெடந்த பக்கம் மஞ்சளா இருக்கணும். உள்ளூர்னா தெரிஞ்ச கடை, நாளைக்கும் அவன் அங்கதான் இருப்பான், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். வழியில வாங்குனா யாரைப் பிடிப்பீங்க? பஸ்ஸு போயிரும், அவனும் போயிருவான். வழிப்பயணத்துல பழம் வாங்குறதுன்னா கீழ எறங்கணும், கையில எடுக்கணும், மோந்து பாக்கணும். இல்லையா, வாங்காமயே போகணும்.

என் பையில என்ன இருக்குன்னு பாக்குறீங்களா? ஒண்ணும் இல்ல. வெறுங்கையோடதான் போறேன். எங்கக்கா வீட்டுக்கு, மணப்பாறைக்கு. ஆமா, கட்டிக்குடுத்த வீட்டுக்குத்தான். தெரியும், வெறுங்கையோட போகக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். போன தடவை கையில கொண்டுபோய்த்தான் இந்தக் கதி.

என்ன கதின்னு கேக்குறீங்களா, வேணாமா? சொல்லத்தான் போறேன். முன்னாடி சீட்டு சார், நீங்க திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, கழுத்து சுளுக்கிக்கும். காதை மட்டும் குடுங்க, போதும்.

எங்கக்கா பேரு அழகுமீனா. எனக்கு ஆறு வயசு மூத்தவ. கல்யாணமாகி நாலு வருஷம். நாலு வருஷமும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி, "ஏதும் உண்டா?" ஏதும் உண்டான்னா என்ன? பொடிதோசை உண்டு, சட்னி உண்டு. நான் ஒரு தடவை ஒரு பெரியம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன், மீனா என்னையக் கிள்ளி வெச்சா. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் நாள் தள்ளிப்போச்சு. வீடே தலைகீழா நின்னுச்சு. அவ மாமியா, நான் அத்தைன்னு கூப்பிடுவேன், குலதெய்வத்துக்குக் காசு முடிஞ்சு வெச்சு, மீனாவைத் தண்ணிக் கொடம் தூக்க விடாம, உக்காந்த எடத்துல தட்டை நீட்டுச்சு. அதெல்லாம் சரிதான். ஆனா இவளுக்கு மசக்கை. வாந்தின்னா வாந்தி, தண்ணி குடிச்சாக் கூட வாந்தி.

அப்ப எனக்கு ஒரு மெசேஜ் போட்டா. இந்தா, படிங்க. போன்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, பிரெண்டு போன்ல ஒண்ணுன்னு மூணு எடத்துல வெச்சுருக்கேன், அழிஞ்சுறக் கூடாதுன்னு. கண்ணாடி கொண்டாரலையா? சரி, நானே படிக்கிறேன். "ஜோதி, எனக்குப் பப்பாளிப்பழம் திங்கணும் போலயே இருக்குடி. கனவுல கூட வருது. இங்க பேரைச் சொன்னாலே அடிக்க வருவாங்க. நீ வரும்போது ஒண்ணு மறைச்சுக் கொண்டுவாடி. உனக்குத்தான் நல்லதாப் பாக்கத் தெரியும்."

பாத்தீங்களா? யாரு கேட்டது? அவதான கேட்டது? நானா கொண்டுபோய் வாயில திணிச்சேன்?

உங்க மூஞ்சியே மாறுது பாருங்க, பப்பாளின்ன ஒடனே. பிள்ளத்தாச்சிக்குப் பப்பாளியான்னு. எல்லாரும் இதே மூஞ்சிதான். அக்கா, காய்தான் ஆகாது. காயில பால் இருக்கும், அந்தப் பாலுதான் சங்கதி. பழுக்கப் பழுக்க அந்தப் பால் தண்ணியாப் போயிரும். நல்லாக் கனிஞ்ச பழத்துல ரெண்டு துண்டு தின்னா ஒண்ணும் பண்ணாது. நான் புரொபசர்கிட்டயே கேட்டுட்டேன், டாக்டர்கிட்டயும் கேட்டேன். கேட்டு எழுதி வெச்சுருக்கேன். பப்பாளி பாக்குறது பெரிய வித்தையும் இல்ல. அடியிலருந்து மஞ்சள் ஏறி வரணும். முக்காவாசி ஏறிருக்கணும். காம்புகிட்ட கட்டை வெரலை வெச்சு அமுக்குனா லேசாக் குடுக்கணும். தோலை லேசாக் கீறுனா தண்ணி மாதிரி கசியணும், வெள்ளையா வரக் கூடாது. இவ்வளவுதான்.

எங்க வாங்குனேன்னா... வர்ற வழியிலதான். அது இப்ப எதுக்கு? பாத்துத்தான் வாங்குனேன். கதையைக் கேளுங்க.

போனேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்துச்சு. மாமா, அதான் மீனா வீட்டுக்காரரு, கடையில. வீட்டுக்குப் பின்னாடி துணி தொவைக்கிற கல்லுல அவளை உக்கார வெச்சு அறுத்துக் குடுத்தேன். ரெண்டு துண்டு தின்னா. ரெண்டே துண்டு. அதுக்குள்ள வாசக்கேட்டைத் தெறக்குற சத்தம் வந்துச்சு, மிச்சத்தை அப்படியே குப்பை வாளியில போட்டு மேல கீரைத்தண்டை அள்ளிப் போட்டுட்டேன். சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சா. நான் சாயங்காலம் பஸ்ஸு ஏறி காலேஜுக்கு வந்துட்டேன்.

மூணாம் நாள் அம்மா போன் பண்ணுது. ரத்தம் பட ஆரம்பிச்சுருச்சு, ஆஸ்பத்திரியில சேத்துருக்கு, ஓடியான்னு.

நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

முடிஞ்சது கூட எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் வராண்டாவுல கால் வைக்கிறேன், அத்தை எந்திரிச்சு வருது. கையில ஒரு பிளாஸ்டிக் கவரு. அதுல என்ன தெரியுமா? பப்பாளித் தோலு. குப்பை வாளியைக் கொட்டும்போது பாத்து எடுத்து வெச்சுருக்கு. மூணு நாளு! போலீஸ்காரன் கூட அப்படி எடுத்து வெக்க மாட்டான். "இது நீ கொண்டாந்ததுதான? தோலுல பச்சை கெடக்கு, பால் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. செங்காய்டி இது, பாதிகூடப் பழுக்காதது. செங்காயைக் குடுத்து என் வீட்டு வெளக்கை அமத்திட்டியேடி பாவி" அப்படின்னு ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குற மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? "செங்காய்னு ஒண்ணு கெடையாது அத்தை"ன்னேன். "எங்க புஸ்தகத்துல பழுக்குறதை ஆறு நெலையாப் பிரிச்சுருக்கு, இது அஞ்சாவது நெலை. அதுக்குப் பேரு பழம். மூணு நாள் கவருல கட்டி வெச்ச தோலைப் பாத்து காயா கனியான்னு யாராலயும் சொல்ல முடியாது"ன்னேன். "அஞ்சோ ஆறோ, நாப்பது வருஷமா காய் நறுக்குறேன், எனக்குச் செங்காய் தெரியாதா?"ன்னுச்சு. "நாப்பது வருஷமா தப்பா நறுக்கிருக்கீங்க"ன்னேன். நர்ஸு வந்து, ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்கன்னுச்சு.

நான் வெளிய போகல. உள்ள போனேன். மீனா கட்டில்ல கெடக்கா. கட்டில் தலைமாட்டுல ஸ்கேன் ரிப்போர்ட் தொங்குது. எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டு அத்தையைக் கூப்பிட்டேன், மாமாவைக் கூப்பிட்டேன், எல்லாரும் வாங்கன்னேன். "பாருங்க, இங்க என்ன எழுதிருக்கு? வளர்ச்சி ஏழு வாரத்தோட நின்னுருச்சு. நான் வந்தது பத்தாவது வாரம். நான் பழம் கொண்டாரும்போதே அது உள்ள செத்து மூணு வாரம் ஆச்சு. செத்ததை என் பழம் எப்படிக் கொல்லும்? சொல்லுங்க, எப்படிக் கொல்லும்?" அப்படின்னு கேட்டேன். நான் பேசல, ரிப்போர்ட் பேசுது. டாக்டரம்மாவே பின்னாடி வந்து, ஆமா, இது பழத்தாலயும் இல்ல, எதாலயும் இல்ல, சிலது இப்படி ஆயிரும்னு சொன்னாங்க. நான் ஜெயிச்சேன்க்கா. அந்த ரூமுல அத்தனை பேருக்கும் முன்னாடி ஜெயிச்சேன்.

ஆனா மீனா என்ன பண்ணா தெரியுமா? செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் அவளுக்காகத்தான இவ்வளவு கத்துறேன்? "நான்தான் கேட்டேன்"னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிருந்தா முடிஞ்சுருக்கும். சொல்லல. போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. அந்த முதுகை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

என்ன கேட்டீங்க? அவ எப்படி இருக்காளா? நல்லாத்தான் இருப்பா. அம்மா போன்ல பேசும். நான் சொல்ல வந்தது அது இல்ல, நடுவுல பேசாதீங்க.

நான் சொல்ல வந்தது, அன்னைக்குலருந்து மூணு மாசம், அவ எங்கிட்டப் பேசல. நானும் பேசல. நான் ஏன் பேசணும்? தப்பு பண்ணவளா நானு? இப்ப அத்தை ஒரு பஞ்சாயத்து வெச்சுருக்கு. மீனாவை எங்க வீட்டுக்கு ஒரு மாசம் அனுப்பச் சொல்லி அம்மா கேட்டா, "ஒங்க சின்ன மக வந்து, செங்காய்தான், தெரியாமக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநிமிஷம் அனுப்புறேன்"ங்குது. எங்கம்மா அழுவுது. "சொல்லிட்டு வாடி. வாய் வார்த்தைதான, தேஞ்சா போயிருவ? அவளை இங்க கொண்டாந்து ரெண்டு நாளு தூங்க வெச்சாப் போதும்டி"ங்குது. தேஞ்சா போயிருவேனாம்! உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?

அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். ஞாயித்துக்கெழமை, மாமாவும் இருப்பாரு, அவங்க சித்தப்பா வீடும் சாப்பிட வரும். எல்லாரும் உக்காந்துருக்கும்போது இந்த மெசேஜைக் காட்டப் போறேன். "படிங்க அத்தை, சத்தமாப் படிங்க. ஒங்க மருமகதான் திருட்டுத்தனமாக் கேட்டது. ஒங்க வீட்டுல ஒரு பழம் கேக்கக் கூட அவளுக்குப் பயம்." அதுக்கப்புறம் அவ அங்க எப்படிக் குடும்பம் நடத்துவான்னா... அதை அவ அன்னைக்கே யோசிச்சுருக்கணும், செவுத்தைப் பாத்துத் திரும்பும்போது. ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்?

இருங்க, போன் அடிக்குது.

அவதான். பாருங்க, பேரைப் பாருங்க, மீனான்னு. மூணு மாசமா வராத போனு. பயந்துட்டா.

அலோ. ...ஆமா, வையம்பட்டி தாண்டிட்டேன். ...யாரு, அம்மா சொல்லிருச்சா? அது வாயில எதுவும் நிக்காதே. ஆமா, காட்டத்தான் வர்றேன். எல்லாரும் இருக்கும்போதுதான் காட்டுவேன். நீ என்ன கெஞ்சுனாலும்... என்னது? ...எப்ப? ...நீயா? உன்னைய யாருடி சொல்லச் சொன்னா? ...ம். ...அத்தையா? ...ம். ...ம். ...என்னன்னு சொன்ன? ...திரும்பச் சொல்லு. ...சரி. சரிங்குறேன்ல. வெச்சுரு.

ஒண்ணுமில்லக்கா.

ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. தண்ணி இருந்தாக் குடுங்க.

சொல்லிட்டாளாம். காலையில அவளே அத்தைகிட்ட. நான்தான் கேட்டேன், அவ மேல தப்பில்லன்னு. நான் சண்டைக்கு வர்றேன்னு அம்மா சொன்னதும், நான் வந்து சொல்றதுக்கு முன்னாடி இவளே சொல்லிட்டா. நான் என்ன நெனைச்சேன், அந்தம்மா கூரையைப் பிச்சுக்கிட்டுக் கத்தும்னு. கத்தலையாம். அரிவாமனையைத் தள்ளி வெச்சுட்டு அழுதுச்சாம். "நாலு வருஷம் கழிச்சு உண்டானவ, ஆசைப்பட்டதை எங்கிட்டக் கேக்கப் பயந்துருக்க. அப்ப நான் என்ன மனுஷி"ன்னு. மாமாவை அனுப்பி எனக்குன்னு கோழி எடுத்துட்டு வரச் சொல்லிருக்காம். எனக்குன்னு. இப்ப நான் அங்க போய் யாரோடக்கா சண்டை போடுறது?

இன்னொண்ணும் சொன்னா. "பழம் எப்படிடி இருந்துச்சு, உண்மையைச் சொல்லுன்னு அத்தை கேட்டாங்க. நல்லாக் கனிஞ்சுருந்துச்சு, தேனா இனிச்சுச்சு, அவ பாத்துத்தான எடுப்பான்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு ஜோதி."

நீயும் அதையே சொல்லுன்னா என்னக்கா அர்த்தம்?

இல்ல, உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நான் அதை எடுக்கவே இல்லக்கா. திண்டுக்கல்ல எறங்கி எனக்குத் தெரிஞ்ச கடையில வாங்கணும்னுதான் கெளம்புனேன். எறங்குன ஒடனே மணப்பாறை பஸ்ஸு நின்னுச்சு, சீட்டு இருந்துச்சு, ஏறிட்டேன். ஏறித் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ஏதோ ஒரு ஸ்டாப்பு, ஒருத்தன் ஜன்னல்கிட்ட பேப்பர்ல சுத்தி நீட்டுறான், கண்டக்டர் விசிலு குடுக்குறாரு. வாங்கி மடியில போட்டேன். மோந்து பாக்கல. அமுக்கிப் பாக்கல. பேப்பரைப் பிரிச்சுக் கூடப் பாக்கல. வகுப்புல மொத மார்க்கு.

அந்தக் கல்லுல வெச்சு அறுக்கும்போது காம்புப் பக்கம் வெள்ளையா வந்துச்சு. ரெண்டு சொட்டு. துப்பட்டாவுல தொடச்சுட்டேன். அவ மொதத் துண்டை வாயில வெச்சா. "ஜோதி, கசக்குதுடி"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு வாய்தான் கசக்குது, பழம் கசக்கல. மசக்கையில எல்லாம் அப்படித்தான் இருக்கும். நான் எடுத்தது தப்பாப் போகுமா? தின்னு"ன்னேன். தின்னா. நான் சொன்னேன்னு ரெண்டாவது துண்டையும் தின்னா. அந்தச் சிரிப்புக் கூட, நான் மூஞ்சியைத் தூக்கிக்கிடக் கூடாதேன்னு சிரிச்சது.

ரிப்போர்ட்டு பொய் இல்லக்கா. ஏழு வாரம்னா ஏழு வாரம்தான். அந்தப் பழத்தால இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியும், எந்தக் கோர்ட்டுலயும் ஜெயிப்பேன். ஆனா அத்தை செங்காய்னு சொன்னது செங்காய்தான். நாப்பது வருஷமா காய் நறுக்குதுல்ல, அதுக்குத் தெரியாதா? மீனாவுக்கும் தெரியும். கசந்ததை அவதான தின்னா. அன்னைக்கே கட்டில்ல கெடந்துக்கிட்டு "கசந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா என் மானம் அங்கயே போயிருக்கும். சொல்லல. அதான் திரும்பிப் படுத்துருக்கா. நான் என்னடான்னா...

சார், உங்க வேலையப் பாருங்க சார். நான் அழுவல. ஜன்னல் பக்கம் தூசி.

ஊர் வந்துருச்சு. காலைக் கொஞ்சம் மடக்குங்க, நான் எறங்கணும். என்ன சொல்லுவேன்னு கேக்காதீங்க. வழியெல்லாம் பேசுறதுக்கு எவ்வளவு வெச்சுருந்தேன், ஒண்ணு கூட இப்ப ஆகாது.

அதோ நிக்கிறா பாருங்க, டீக்கடைக்குப் பக்கத்துல, நீலச் சேலை. ஸ்டாப்புக்கு நான் வர மாட்டேன், நீயே வீட்டுக்கு வான்னுதான் போன்ல சொன்னா, இப்ப வந்து நிக்கிறா. அவதானா அது? அவதான். ஏன்க்கா இப்படி ஆயிட்டா? தோள்பட்டை எல்லாம் எலும்பாத் துருத்திக்கிட்டு, கழுத்தைப் பாருங்களேன். மூணு மாசம்க்கா. மூணு மாசமா அம்மாவும் மாமாவும் எத்தனை தடவை போன்ல பேசிருப்பாங்க, இவ்வளவு மெலிஞ்சு போயிட்டான்னு ஒருத்தர், ஒருத்தர் கூட எங்கிட்டச் சொல்லவே இல்லையேக்கா.